எறக்கத்துல தர்றேன்

ஒரு பொருளை அதன் சொந்தக்காரர் கண்ணில் காட்டிவிட்டு, கையில் கொடுக்காமல் அப்படியே மலை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகிற தைரியம் இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் எங்கள் எறக்கம் அண்ணன்.

கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் சரக்கு ஏற்றி, வடக்கனந்தல், கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறுகிற பழைய மினி லாரி அவருடையது. அவர் டிரைவர். நான் லோடுமேன், கிளீனர், தார்ப்பாய் கட்டுகிறவன், சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன் எல்லாம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அது லைசென்ஸில் இருக்கும், அதைப் போலீஸ்காரர்கள் படித்திருப்பார்கள். மலையில் எல்லோருக்கும் அவர் எறக்கம்தான்.

மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஓர் ஊர், ஊருக்கு ஒரு கடை. மற்ற வண்டிக்காரர்கள் ஏறும்போதே ஒவ்வொரு கடையிலும் நிறுத்திச் சரக்கைப் போட்டுக்கொண்டே போவார்கள். எறக்கம் அண்ணன் ஏறும்போது எமனே கைகாட்டினாலும் நிறுத்த மாட்டார். நேராக வெள்ளிமலை. அங்கே மேல் ஊர்ச் சரக்கை இறக்கி, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, திரும்பி வரும்போதுதான் வழியிலிருக்கும் கடைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பார். காலையில் தன் அரிசி மூட்டை தன் கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்த கடைக்காரர், அது சாயங்காலம் இறங்கி வரும்வரை மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ண்ணா! என் எண்ண டின்னு போவுது! நிறுத்துண்ணா!"

"எறக்கத்துல தர்றேன்!"

ஏற்றத்தில் அவர் பேசுகிற ஒரே வாக்கியம் அதுதான். மற்றபடி அடிவாரத்தில் முதல் கியர் போட்டதிலிருந்து உச்சி வரும்வரை வாயைத் திறக்க மாட்டார். யாரையும் திறக்கவும் விட மாட்டார். "வண்டி மூச்சப் புடிச்சிக்கினு ஏறுது. அதுங்கிட்ட போயி பேச்சுக் குடுப்பியா?" என்பார். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த சமதளம் வரும்வரை காத்திருப்பார். அந்த வண்டியில் வேலைக்கு வந்தவர்கள் யாரும் ஒரு மாதம் தாண்டியதில்லை. நான்தான் நிலைத்தேன். எனக்குப் பிறவியிலேயே நாலு பேரோடு பேச வராது. பேசாமல் இருந்தால் போதும் என்று சொல்லி ஒரு வேலை கொடுப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இறக்கம் வந்துவிட்டால் கதையே வேறு. ஏற்றத்தில் அடக்கி வைத்த பேச்சு மொத்தமும் பிரேக் இல்லாமல் வரும். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தால் போதும்.

ஏன் ஏற்றத்தில் நிறுத்துவதில்லை என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பொறுத்து ஒரு காரணம் சொல்வார். லோடோடு ஏற்றத்தில் நின்றால் வண்டி பின்னால் போய்விடும் என்பார். அதில் உண்மை இருந்தது. கைப்பிரேக்கை அந்த வண்டி எப்போதோ மறந்துவிட்டது. நின்றால் நான் குதித்து ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். இன்னொருவரிடம், பெரிய வேலையை முதலில் முடிக்க வேண்டும் என்பார். வேறொருவரிடம், "மலைய முழுசா பாக்காம நடுவுலயே குடுத்துட்டா சரக்குக்கு மரியாத இல்ல" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் முதுகு கேட்ட கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. மேலே சரக்கை இறக்கியதும் காலி இடத்தில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றுவார். அது சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். ஆனால் கீழ்க் கடைகளின் சரக்கு அந்த மூட்டைகளுக்குப் பின்னால், கேபின் ஓரமாக மாட்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு கடையிலும் நான் கிழங்கு மூட்டைகளைக் கீழே இறக்கி, உள்ளே புகுந்து, ஒரு பிஸ்கட் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, கிழங்கு மூட்டைகளைத் திரும்ப ஏற்றுவேன். அடுத்த கடையிலும் அதேதான். ஒரே கிழங்கை ஒரே நாளில் நான் தூக்கிய தடவைகளை நினைத்தால் இன்றும் உட்கார்ந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஒருமுறை பாதி வழியில் இருந்த ஊரில் ஒரு காதுகுத்து. வாடகை நாற்காலிகள் எங்கள் வண்டியில். பந்தலைத் தாண்டி நாற்காலிகள் மலை ஏறின. தாய்மாமன் சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினார். அண்ணன் கையை வெளியே நீட்டி, "எறக்கத்துல தர்றேன்!" என்றார். விருந்தாளிகள் நின்றுகொண்டே காது குத்தினார்கள், நின்றுகொண்டே மொய் எழுதினார்கள், கல்லின் மேலும் வேரின் மேலும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசிப் பந்தி கை கழுவும்போது நாற்காலி வந்து இறங்கியது. வந்ததற்கு நாங்கள் இருவரும் அதில் உட்கார்ந்து பாயசம் குடித்தோம்.

இன்னொரு முறை, பெண் பார்க்கப் போன ஒரு மாப்பிள்ளை பஸ்ஸைத் தவறவிட்டு எங்கள் கேபினில் ஏறினார். பெண் வீடு நாலாவது வளைவில். அண்ணன் நிறுத்தவில்லை. மாப்பிள்ளை கதவைத் தட்டினார், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மேலே போய், சாயங்காலம் வரை பொழுது போகாமல் சுற்றியவருக்கு ஒரு வீட்டில் சாமைச் சோறு போட்டார்கள். போட்ட பெண்ணையே அவருக்குப் பிடித்துவிட்டது. இறங்கும்போது நாலாவது வளைவில், "இங்க நிறுத்தட்டா?" என்று அண்ணன் மரியாதையாகக் கேட்டார். "வேகமா போங்கண்ணா!" என்று மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். அண்ணனுக்கு வருஷா வருஷம் தேன் வரும்.

இப்படி எல்லோரும் பொறுத்துப் போனபோது, பொறுக்காத ஒரே ஆள் ராணி அக்கா. பாதி ஏற்றத்தில், வளைவு முடிகிற இடத்தில், செங்குத்தான சரிவிலேயே அவருடைய மளிகைக் கடை. மலைக்காரப் பெண். அந்தச் சரிவில் நின்று அவர் போடுகிற சத்தம் அடுத்த வளைவில் எங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

"யோவ் எறக்கம்! காலைல புள்ளைங்க இஸ்கூலுக்குப் போவசொல்ல பிஸ்கெட்டு கேக்குதுங்க. நீ சாயங்காலம் கொண்டாந்து குடுத்தா நானா துன்றது?"

இதற்கிடையில் புது வண்டி ஒன்று வந்தது. ஓட்டியவன் வடக்கனந்தல் பையன். வண்டியில் பாட்டு, கண்ணாடியில் சாமி படம், கைப்பிரேக்கும் பிடித்தது. ஏறும்போதே ஒவ்வொரு கடையிலும் நிறுத்தி, "அக்கா, பெரிம்மா" என்று கூப்பிட்டுச் சரக்கை வாசலில் வைத்துவிட்டுப் போனான். கீழ்க் கடைகள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் சாய்ந்தன. ராணி அக்கா என்ன சொல்கிறாரோ அதுதான் மற்ற கடைகளும் செய்யும். ஒரு நாள் இறக்கத்தில், நான் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருக்கும்போது, அவர் சொல்லிவிட்டார்.

"ண்ணா, கோச்சிக்காத. இந்த மாசத்தோட சரி. இனிமே அந்தத் தம்பிக்கே லோடு குடுத்துடறோம்."

மேல் ஊர்ச் சரக்கை மட்டும் நம்பி அந்த வண்டி டீசல் குடிக்க முடியாது. கீழ்க் கடைகள் போனால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அவரும் நானும் வீட்டில். அன்றைக்கு இறக்கத்தில் அவர் டயரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தேயாத டயரைப் பற்றி.

அந்தச் சமயத்தில்தான் மேடம் வந்தார்.

கீழே ஒரு கல்லூரியில் அவர் ஆசிரியை. மாணவர்களை வைத்து ஒரு சின்ன செயற்கைக்கோள் செய்திருக்கிறார். அது பேசுவதைக் கேட்க ஆன்டெனா வேண்டும். ஊருக்குள் செல்போன் டவர்களின் இரைச்சல் அதிகம் என்று, ராணி அக்கா கடைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த பழைய கட்டடத்தின் மொட்டைமாடியைக் கேட்டு வாங்கியிருந்தார். ஆன்டெனா என்றால் பெரிய மீன் முள் போல இருந்தது. கம்பிகள், பெட்டிகள் எல்லாவற்றையும் எங்கள் வண்டியில் ஏற்றி, மேடமும் கேபினில் உட்கார்ந்தார். யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வராதே.

ராணி அக்கா கடை வந்தது, போனது.

"அண்ணா, இங்கதாங்க! நிறுத்துங்க! அண்ணா! இது ரொம்ப டெலிகேட்டான சாமான்!"

"எறக்கத்துல தர்றேன்."

உச்சி வரும்வரை மேடம் கத்தினார். பிறகு தொண்டை கட்டி, என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். இறங்கும்போது அவருக்குக் குரல் திரும்பியிருந்தது.

"இது என்னங்க பழக்கம்? குடுக்கற எடத்தத் தாண்டி மேல போய்ட்டு, திரும்பும்போதுதான் குடுப்பேன்னா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்க சேட்டிலைட்டும் இப்படித்தாங்கண்ணா போயிருக்கு!"

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மேடம் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அவர்களுடைய செயற்கைக்கோள் ஒரு பிரெட் பாக்கெட் அளவு. அதற்கென்று தனி ராக்கெட் கட்டுப்படியாகாது. வானத்தில் ஒரு விண்வெளி நிலையம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் ஆட்கள் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு, துணிமணி, சாமான் கொண்டுபோகிற சரக்குக் கலம் ஒன்று உண்டு. அந்தக் கலத்தின் வெளிப்புறத்தில், இதைப் போன்ற சின்னச் சின்னக் கோள்களை ஒரு பெட்டிக்குள் அடைத்து மாட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

"அது நேரா நிலையத்துக்குப் போய் பெரிய சரக்க எறக்கும். அப்ப எங்களத விடாது. சில மாசம் அங்கயே நிக்கும். அப்புறம் அங்கருந்து கெளம்பி, தள்ளிப் போயி, இன்னும் கொஞ்சம் மேல ஏறி, அப்பத்தான் எங்க பெட்டிக் கதவத் தெறக்கும். உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு. அது ஒவ்வொண்ணா வெளிய தள்ளிடும்."

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். இறக்கத்தில், யார் வீட்டு வாசலும் இல்லாத இடத்தில் அவர் வண்டியை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

"போவசொல்ல குடுக்காது?"

"குடுக்காதுங்க."

"திரும்பசொல்லதான் குடுக்கும்?"

"ஆமாங்கண்ணா. போகும்போது பத்திரமா போய்ச் சேர்றது ஒண்ணுதான் அதுக்கு வேல. நடுவுல வேற எதையும் வச்சிக்க மாட்டாங்க."

அண்ணன் என் தொடையில் ஓர் அடி வைத்தார். "கேட்டியாடா? கேட்டியா? படிச்சவங்க!" என்றார். இரண்டு நாள் அந்த இடம் சிவந்திருந்தது.

ராணி அக்கா கடையில் ஆன்டெனாவை இறக்கும் முன்பே அவர் இறங்கி ஓடினார். நான் கிழங்கு மூட்டைகளை இறக்கும்போது அவர் சத்தம் காதில் விழுந்தது.

"ராணிம்மா! வானத்துலயே என்ன மாதிரிதான் ஓட்றாங்களாம்! பெரிய லோட எறக்கிட்டு, திரும்பசொல்லதான் சில்லற லோடாம்!"

மேடம் எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னார். ராணி அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டார்.

"இன்னும் மேல ஏறித்தான் குடுக்குதுன்றாங்க. அப்ப அது ஏத்தந்தானே? எங்க இருக்குது எறக்கம்?"

"காலி வண்டி மேட்டுல ஏறுனா இன்னா, பள்ளத்துல எறங்குனா இன்னா? திரும்பற வண்டி திரும்பற வண்டிதான்!"

"இன்னும் குடுக்கவே இல்லியே. குடுத்தப்புறம் பேசு."

"குடுத்துட்டா?"

ராணி அக்கா யோசித்தார். வாசலில் இருந்த எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "இவங்க பொட்டி திரும்பசொல்ல நல்லபடியா வெளிய வந்து பேசிடிச்சின்னா, நீ சாவற வரிக்கும் எறக்கத்துலயே குடு. ஒரு வார்த்த கேக்க மாட்டேன். மத்த கடைங்களுக்கும் நானே சொல்றேன். பேசலன்னா, ஏறசொல்லவே நிறுத்திக் குடுக்கணும். முடியாதுன்னா லோடு அந்தத் தம்பிக்குத்தான்."

"சரி."

இப்படியாக எங்கள் இருவர் பிழைப்பும் ஒரு பிரெட் பாக்கெட்டின் மேல் போய் உட்கார்ந்தது. அது பேசாவிட்டாலும் அவர் ஏற்றத்தில் நிறுத்தப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். வண்டிக்கும் அது முடியாது, அவருக்கும் முடியாது.

அதற்குப் பிறகு அந்தக் கலம் நிலையத்தை விட்டுக் கிளம்பவே இல்லை. தேதி சொல்வார்கள், தள்ளிப்போகும். மேடத்தின் நம்பரை வாங்கிவைத்து, வெள்ளிமலையில் சாப்பிட்டுக் கை கழுவியதும் அண்ணன் போன் போடுவார்.

"மேடம், வண்டி கெளம்பிடிச்சா?"

"இன்னும் இல்லங்கண்ணா. குப்பை ஏத்திக்கிட்டு இருக்காங்க."

"குப்பையா?"

"நிலையத்துல சேர்ற குப்பை, பழைய சாமான் எல்லாத்தையும் அதுலதான் ஏத்தி அனுப்புவாங்க."

அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "ரிட்டன் லோடு குப்பையாம்டா. நம்மளுக்காச்சும் கெழங்கு" என்று பெருமைப்பட்டார். பிறகு போனில், "எத்தினி நாளா ஏத்துவாங்க? லோடுமேன் கம்மியா? எங்க ஆள வேணா அனுப்பட்டா? மூச்சே வுடமாட்டான் மேடம், காத்து இல்லாத எடத்துக்கு நல்லா ஒத்துவருவான்" என்றார்.

காத்திருப்பில் மேடமும் இளைத்துப் போனார். மொட்டைமாடிக்கு வரும்போதெல்லாம் ராணி அக்கா கடையில் டீ குடிப்பார். ஒரு நாள் அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. வெளியே வந்த கோள்கள் எல்லாமே பேசிவிடுவதில்லையாம். பல கோள்கள் வாயே திறக்காமல் சுற்றிக்கொண்டிருக்குமாம். ஏன் என்று யாருக்கும் தெரியாதாம். பசங்களுக்கு அதைச் சொல்லவில்லை என்றார். ராணி அக்கா டீக்குக் கணக்கு எழுதவில்லை.

கடைசியில் கலம் கிளம்பியது. நிலையத்தை விட்டுத் தள்ளிப் போய், மேலே ஏறி, சின்னக் கோள்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. வெளியே வந்ததும் உடனே பேசாதாம். தள்ளிவிட்ட கலத்தை விட்டு விலகும்வரை கொஞ்ச நேரம் கம்மென்று இருந்துவிட்டு, பிறகுதான் ஆன்டெனாவை நீட்டுமாம். எனக்கு அதை உடனே பிடித்துவிட்டது.

நம் தலைக்கு மேல் அது முதலில் வருவது மறுநாள் சாயங்காலம் நாலு மணி வாக்கில். மேடமும் மாணவர்களும் மொட்டைமாடியில். கீழே பந்தயத்துக்காகக் கடைக்காரர்கள் எல்லோரும். புது வண்டிக்காரப் பையனும் வந்திருந்தான். எறக்கம் அண்ணன் மேலிருந்து இறங்கி வந்து, வண்டியை ஓரம் கட்டி, சட்டைப் பித்தானை எல்லாம் போட்டுக்கொண்டு நின்றார்.

மீன் முள்ளை இரண்டு பையன்கள் பிடித்து வானத்தில் மெதுவாகத் திருப்பினார்கள். பெட்டியிலிருந்து உஸ்ஸென்ற இரைச்சல் மட்டும் வந்தது. எண்ணெயில் ஏதோ பொரிவது போன்ற இரைச்சல். மலைக்கு அந்தப் பக்கம் வரை திருப்பிவிட்டு அவர்கள் கையைக் கீழே போட்டார்கள்.

"போயிடிச்சி" என்றார் மேடம். "இன்னொரு சுத்து இருக்கு. ஒன்றரை மணி நேரம்."

புது வண்டிக்காரப் பையன், "அப்ப நாளைலருந்து ஏறசொல்லவே நிறுத்துவியாண்ணா?" என்று கேட்டான். கிண்டலாகக்கூட இல்லை, சும்மாதான் கேட்டான். அண்ணன் தன் வண்டியின் பின்சக்கரத்தைப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

நான் திரும்பியபோது ராணி அக்கா கடைக்குள்ளிருந்து தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு மொட்டைமாடிப் படி ஏறிக்கொண்டிருந்தார். ஆன்டெனாவுக்குச் சுற்றிக் காட்டினார். கீழிருந்து ஒரு கடைக்காரர், "நீ இன்னாத்துக்கும்மா கும்புட்ற? அது பேசலன்னாதானே உனக்கு லாபம்?" என்று கேட்டார்.

"பந்தயம் கீழ. இது புள்ளைங்க செஞ்ச பொருளு" என்றார் ராணி அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தாள் மூஞ்சியப் பாக்க சகிக்கல" என்றார்.

இரண்டாவது சுற்றில் வெயில் மஞ்சளாகிவிட்டது. அதே இரைச்சல். மீன் முள் பாதி வானத்தைத் தாண்டியது. அப்போது இரைச்சலுக்கு அடியில், கூடைக்குள் மூடிவைத்த கோழிக்குஞ்சு போல, ஏதோ ஒன்று கீச்சென்றது. நின்றது. மறுபடி கீச்சென்றது.

மேடம் வாயில் கையை வைத்துக்கொண்டார். பையன்கள் ஆன்டெனாவை விட்டுவிட்டுக் குதிக்க, "புடிங்கடா! கீழ வுட்றாதீங்கடா!" என்று கத்தியது ராணி அக்காதான். கீழே விசில் பறந்தது. புது வண்டிக்காரப் பையன் தன் வண்டி ஹாரனை அமுக்கினான், தோற்றது தானும்தான் என்பதை மறந்து. நான் யாருக்கும் தெரியாமல் கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

அண்ணன் மட்டும் குதிக்கவில்லை. மெதுவாகப் படியேறி மேடத்திடம் போனார்.

"குடுத்துடிச்சி மேடம். கெட்டிக்கார வண்டி. எப்ப வூட்டுக்கு வரும்?"

"எது வரும்?"

"அந்த வண்டிதான். எல்லாத்தயும் எறக்கிடிச்சி இல்ல, திரும்பி வரணுமே?"

மேடம் சந்தோஷத்தில் இருந்தார். யோசிக்காமல் சொல்லிவிட்டார். "அது வராதுங்கண்ணா. அந்தக் குப்பையோட அப்படியே கீழ விட்டுடுவாங்க. காத்துல உரசி எரிஞ்சி, மிச்சம் கடல்ல விழும். அதுக்கு அவ்வளவுதான் வேல."

அண்ணன் கொஞ்ச நேரம் அந்த மீன் முள்ளைப் பார்த்தார். "சொன்ன மாதிரி குடுத்துச்சே" என்றார். பிறகு இறங்கி வந்து வண்டியில் ஏறினார்.

அன்றைக்கு இறக்கத்தில் அவர் பேசவில்லை. கோமுகி அணை தெரிந்தது, அடிவாரம் வந்தது, ஒரு வார்த்தை இல்லை. அந்த அமைதி எனக்கே தாங்கவில்லை. அத்தனை வருஷத்தில் முதல்முறையாக நான் பேச்சை ஆரம்பித்தேன்.

"ண்ணா, டீ குடிக்கலாமா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வண்டி ஓரத்துக்குப் போய் வந்தது. டீ குடித்தோம். அதையும் பேசாமல்தான் குடித்தோம்.

மறுநாள் காலை. முதல் கியர். ஏற்றம். வழக்கம்போல நான் வாயை மூடிக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி மலையில் எஞ்சின் சத்தம் மாறியது. வண்டி நின்றது. ராணி அக்கா கடை வாசல்.

"கட்டைய போடுறா!"

எனக்குக் கை கால் ஓடவில்லை. குதித்து, உருள ஆரம்பித்த சக்கரத்துக்கு ஒருவழியாகக் கட்டையைக் கொடுத்து, அது வழுக்குமோ என்று தோளையும் வைத்துக்கொண்டு கிடந்தேன். அங்கே கிடந்தபடிதான் மற்றதைக் கேட்டேன்.

அண்ணன் உப்பு மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார். ராணி அக்கா வெளியே வந்தார்.

"இன்னா இது?"

"உன் உப்பு. பிஸ்கெட்டு பெட்டியும் கீது."

"நீ ஜெயிச்சவன். எறக்கத்துலதான் குடுக்கணும். தூக்குண்ணா மேல."

"ஏத்தத்துல குடுத்தா வாங்கிக்க மாட்டியா? இத்தினி வருஷமா அதுக்குத்தானே கத்துன?"

"அது வேற. வாக்குக் குடுத்துட்டேன். நாலு பேர் கேட்டாங்க. தூக்கிக்கினு போ!"

"சொல்றதக் கேளு ராணிம்மா."

"நீ கேளு!"

உப்பு மூட்டை வாசலுக்கும் வண்டிக்குமாக இரண்டு முறை போய் வந்தது. தோள் மரத்துப்போனதால் எனக்கு அந்த நியாயங்கள் முழுசாக விளங்கவில்லை. பிறகு அண்ணன் குரல் தணிந்து கேட்டது.

"எறக்கத்துல தர்றேன், எறக்கத்துல தர்றேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். திரும்பி வருவோம்னுதானே சொல்றது? நான் அத்த நெனச்சே பாக்கல. வண்டி பழசு. நானும் பழசு. ஒரு நாளு வரலன்னா உன் உப்பு என்னாவறது?"

எஞ்சின் இருமிக்கொண்டிருந்தது. பிறகு ராணி அக்காவின் காலடி வண்டிப் பக்கம் வந்தது. உப்பு மூட்டை என் தலைக்கு மேல், வண்டிக்குள், தொப்பென்று விழுந்தது. அவரே தூக்கிப் போட்டிருந்தார்.

"என் உப்பு உங்கிட்ட இருந்தாதான் நீ திரும்பி வருவ. எறக்கத்துலயே குடு. போ!"

அண்ணன் ஏறி உட்கார்ந்தார். நான் கட்டையை உருவிக்கொண்டு பின்னால் ஓடி, ஓடுகிற வண்டியில் தொற்றினேன். அவர் கையை வெளியே நீட்டினார்.

"எறக்கத்துல தர்றேன்!"

அன்று சாயங்காலம் கொடுத்தார். அதற்குப் பிறகு, கண்ணில் புரை விழுந்து டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று சொல்லும்வரை, ஒரு நாள் தவறாமல் கொடுத்தார். இப்போது அவர் வடக்கனந்தலில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் அந்தப் புது வண்டிக்காரப் பையனிடம் லோடுமேன். நல்ல பையன். ஏறும்போதே எல்லாக் கடையிலும் நிறுத்துகிறான். கிழங்கை ஒரே ஒரு தடவைதான் தூக்குகிறேன். வண்டியில் எந்நேரமும் பாட்டு. "பேசுண்ணா, இன்னாண்ணா நீ கம்முனே வர்ற?" என்று அடிவாரத்திலிருந்து கேட்டுக்கொண்டே வருவான்.

வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. உச்சி வரட்டும், பேசலாம்.